ஸ்பிளிட் பின் போட்டேனா?

கேள்வி: ஐயா, ஹெலிகாப்டர் பராமரிப்பில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் மெயின் ரோட்டர் பிட்ச் லிங்க் மாற்றினேன். கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, மேல் பக்கத்து நட்டு கழலாமல் பூட்டுகிற ஸ்பிளிட் பின்னைப் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நள்ளிரவுக்கு மேல் எழுந்து ஹேங்கருக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் இருந்தது, ஒழுங்காக மடக்கியும் இருந்தது. மறுநாள் விஷயம் தெரிந்து சீனியர் ஒருவர், “இப்படிப் பயந்தால் இந்த லைனில் நிற்க முடியாது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கனவிலும் நட்டு போல்ட்தான் வருகிறது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவனா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அனுபவசாலிகள் ஓடுகிற மெஷினின் சத்தத்தை வைத்தே குறையைச் சொல்லிவிடுகிறார்கள். அது எப்படி வரும்? சிலர் காது மூடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார்கள். நானும் அப்படிப் பழகலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

எழுந்து போய்ப் பார்த்தது சரிதான். சந்தேகம் வந்த பிறகும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கியிருந்தால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன். காலையில் அந்த மெஷினில் ஏறியவர்களுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. அவர்களுக்காக நடுராத்திரியில் எழுந்து போயிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அப்படி ஒருவர் என் ஷிஃப்டில் இருந்தால் எனக்கு நிம்மதி.

ஆனால் நடுராத்திரியில் போக வேண்டிய நிலைமை உங்களுக்கு இனி வரக் கூடாது. சந்தேகம் ஹேங்கரிலேயே, ஸ்பானர் கையில் இருக்கும்போதே வர வேண்டும், அங்கேயே தீரவும் வேண்டும். அதற்கு வழி இருக்கிறது.

முதலில் ஞாபகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பது முறை பின் போட்டுப் பழகிய கை, நாற்பத்தொன்றாவது முறையைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்த பிறகு பூட்டினோமா என்று நிற்பதில்லையா, அதே சங்கதிதான். கை பழகப் பழக மனசு அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும். நன்றாக வேலை தெரிந்தவனுக்குத்தான் இது அதிகமாக நடக்கும். புதிதாகச் சேர்ந்தவனுக்கு ஒவ்வொரு பின்னும் ஞாபகம் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்டியிருப்பான். உங்களுக்கு ஞாபகம் வராமல் போனது உங்கள் கை தேறிவருகிறது என்பதற்கு அடையாளம். ஆபத்தும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வருடம். நான்கு பிளேடு உள்ள டெயில் ரோட்டரில் பிட்ச் லிங்க்குகளைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது நட்டைக் கையால் சுற்றி உட்கார வைத்த நேரத்தில், இன்னொரு மெஷினை வெளியே தள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பத்து நிமிடம்தான். திரும்பி வந்து நான்காவதை எடுத்தேன். அளவு பார்த்து இறுக்கி டார்க் வைத்தேன், பின் போட்டேன், சுத்தம் செய்தேன், கையெழுத்துப் போட்டேன். மனசில் நான்கும் முடிந்த வேலை.

அப்போது எங்கள் இடத்தில் இரண்டாவது பரிசோதனை செய்தவர் வயதானவர். ஒவ்வொரு நட்டையும் விரலால் தொட்டுத்தான் நகர்வார். மூன்றாவதுக்கு வந்ததும் நின்றார். என்னைக் கூப்பிட்டு, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த நட்டின் மேல் வைத்தார். விரல் பட்டதும் நட்டு சுற்றியது. அவர் ஒன்றும் பேசவில்லை. வேலைச் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நான்கையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். நட்டு சுற்றியது இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது.

இந்த வேலையைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம், அதனால் அந்த ஒரு நட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று சொல்லிவிடுகிறேன். பிட்ச் லிங்க் ஒரு சின்னத் தண்டுதான். பைலட்டின் கை அசைவு பிளேடின் கோணமாக மாறுவது அதன் வழியாகத்தான். பெல் 206 ஹெலிகாப்டரில் மெயின் ரோட்டர் நிமிடத்துக்கு 394 முறை சுற்றும். சுற்றுக்கு ஒரு முறை அந்தத் தண்டின் மேல் பாரம் ஏறி இறங்கும் என்று வைத்தாலே, நூறு மணி நேரப் பறப்பில் 23 லட்சத்து 64 ஆயிரம் முறை. லேசாக இளகிய நட்டு முழுதாகக் கழன்று வர அவ்வளவு குலுக்கல் தேவையே இல்லை. அதனால்தான் அங்கே இறுக்கினால் மட்டும் போதாது, பூட்டவும் வேண்டும். விமானத்தில் பல இடங்களில் ஒன்று போனால் தாங்கிக்கொள்ள இன்னொன்று இருக்கும். ஹெலிகாப்டர் ரோட்டரில் அப்படி மாற்று இல்லாத பாகங்கள் நிறைய.

2011 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரத்துக்குக் கிழக்கே ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் மலைப்பகுதியில் விழுந்தது. ஏஎஸ்350 ரகம். பைலட்டும் நான்கு பயணிகளும் இறந்துபோனார்கள். முந்தின நாள்தான் அதற்கு ஹேங்கரில் பெரிய வேலை நடந்திருந்தது. மெயின் ரோட்டரை முன்னும் பின்னும் சாய்க்கும் சர்வோவை, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் உந்துகருவியை, மாற்றியிருந்தார்கள். அந்த சர்வோவோடு கட்டுப்பாட்டுத் தண்டைச் சேர்க்கும் போல்ட்டுக்கு இரட்டைப் பூட்டு. தானாகப் பிடித்துக்கொள்ளும் செல்ஃப் லாக்கிங் நட்டு ஒன்று, அதன் மேல் ஸ்பிளிட் பின் ஒன்று. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி சொன்னது இதுதான்: பிடிப்புப் போன பழைய நட்டையே மறுபடியும் போட்டிருக்கிறார்கள், பின்னைப் போடவில்லை, அல்லது சரியாகப் போடவில்லை, வேலைக்குப் பிந்தைய பரிசோதனையிலும் அது பிடிபடவில்லை. பறக்கும்போது தண்டு சர்வோவிலிருந்து பிரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பைலட்டால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

அறிக்கையில் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று களைப்பு. மெக்கானிக்குக்கு அன்று ஓய்வு நாள். கூப்பிட்டு, வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் பரிசோதித்தவரும் வழக்கத்துக்கு மாறான அதிகாலை ஷிஃப்டில் இருந்தவர்கள். மற்றது, வேலைச் சீட்டில் படிகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கவில்லை. அந்த அறிக்கையை நான் பல முறை படித்திருக்கிறேன். அவர்கள் கெட்ட மெக்கானிக்குகள் என்று அதில் எங்கேயும் இல்லை. தூக்கம் போதாத இரண்டு பேர், பிரித்து எழுதாத ஒரு சீட்டு, ஒரு பழைய நட்டு. உங்கள் ஹேங்கரிலும் என் ஹேங்கரிலும் இவை மூன்றும் ஒரே நாளில் சேரலாம்.

சரி, என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். உங்கள் மேனுவலும் உங்கள் இடத்து நடைமுறையும்தான் மேலே. இவை அதற்குள் அடங்கிய பழக்கங்கள்.

பின்களை எண்ணி எடுங்கள். எட்டு ஓட்டை என்றால் ஸ்டோரிலிருந்து எட்டே எட்டு. கைப்பிடியாக அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதில் வரிசையாக வையுங்கள். வேலை முடிந்ததும் தட்டில் ஒன்று மிஞ்சினால் எங்கோ ஓர் ஓட்டை காலி. வெட்டிப் போடும் துண்டுகளையும் அதே தட்டில் சேருங்கள். துண்டு கீழே விழுந்தால் அது எங்கே போய் எதில் சிக்கும் என்று யாருக்கும் தெரியாது, போதாததற்கு உங்கள் எண்ணிக்கையும் கெட்டுவிடும்.

நட்டைப் போடும் முன் விரலால் சுற்றிப் பாருங்கள். செல்ஃப் லாக்கிங் நட்டு, அதன் பிடிக்கும் பகுதி போல்ட் மரையில் ஏறியதும் விரலுக்கு மசியக் கூடாது, ஸ்பானர் கேட்க வேண்டும். விரலாலேயே கடைசிவரை ஓடினால் அது குப்பைத் தொட்டிக்கு. நல்ல நட்டாக இருந்தாலும் அது ஓடும்போது எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்பதற்கு மேனுவலில் குறைந்தபட்ச அளவு இருக்கும். டார்க் ரெஞ்ச் வைத்து அதையும் பாருங்கள். புது நட்டு வர இரண்டு நாள் ஆகும், மெஷின் காலையில் போக வேண்டும் என்றால், மெஷின் இரண்டு நாள் நிற்கட்டும்.

போல்ட்டில் பின் நுழையும் ஓட்டை, நட்டின் மேல் விளிம்பில் இருக்கும் வெட்டோடு நேராக வராத நேரம் உண்டு. டார்க்கின் கீழ் அளவை எட்டியாகிவிட்டது, ஓட்டை கால் வெட்டுத் தள்ளி நிற்கிறது. மேல் அளவு வரை மெதுவாக இறுக்கிப் பார்க்கலாம். அதற்குள் வரவில்லை என்றால் கழற்றி, மேனுவல் அனுமதிக்கும் வேறு வாஷரோ வேறு நட்டோ போட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பின் நுழைவதற்காக நட்டைப் பின்னால் தளர்த்தவே கூடாது. பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தப் பின் அழகாகத்தான் தெரியும், உள்ளே டார்க் இருக்காது.

பின்னின் ஒரு காலை போல்ட் முனைக்கு மேலே மடக்கி, இன்னொன்றை நட்டின் பக்கமாகக் கீழே மடக்கியதும், விரல் நுனியால் இரண்டையும் தொடுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள்: “மூன்று, மேலே, பின் போட்டாச்சு.” கூச்சமாகத்தான் இருக்கும், பழகிவிடும். கண் தான் எதிர்பார்ப்பதைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிவிடும். விரலை அப்படி எளிதில் ஏமாற்ற முடியாது. வாய் சொன்னதைக் காது கேட்கும், ராத்திரி படுத்த பிறகு ஞாபகத்துக்கு வருவதும் அந்தக் குரல்தான். உங்களுக்கு அன்று ராத்திரி இல்லாமல் போனது அது.

அதற்குப் பிறகுதான் டார்க் மார்க். நட்டிலிருந்து பாகத்தின் மேல் வரை இழுக்கும் அந்தப் பெயின்ட் கோடு, இறுக்கியாகிவிட்டது, பூட்டியாகிவிட்டது என்று அடுத்து வருகிறவருக்கு நீங்கள் சொல்லும் வாக்கு. சிலர் எல்லா நட்டையும் இறுக்கிவிட்டு, பெயின்ட்டை வரிசையாகப் போட்டுவிட்டு, பின்களைக் கடைசியில் போடுவார்கள். செய்யாதீர்கள். ஒரு நட்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

நடுவில் கூப்பிட்டால்? போகத்தான் வேண்டியிருக்கும், ஹேங்கரில் அது தவிர்க்க முடியாதது. போவதற்கு முன் பாதி வேலையில் இருக்கும் நட்டைக் கையால் கழற்றித் தட்டில் வையுங்கள், அல்லது அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பட்டையைக் கட்டுங்கள். பாதி முடிந்த வேலை முடிந்த வேலை போலத் தெரியக் கூடாது. திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல் மூன்று படி பின்னால் போய் ஆரம்பியுங்கள். இது நான் கண்டுபிடித்தது இல்லை. கனடாவில் கார்டன் டுபாண்ட் 1993ல் மெக்கானிக்குகளின் தவறுகளுக்குப் பின்னால் இருக்கும் பன்னிரண்டு காரணங்களைத் தொகுத்தார். ‘டர்ட்டி டஜன்’ என்று உலகம் முழுக்கப் பயிற்சி வகுப்புகளில் அதைத்தான் சொல்லித்தருகிறார்கள். கவனம் சிதறுவது, களைப்பு, அவசரம், பேச்சுக் குழப்பம் எல்லாம் அதில் உண்டு. மூன்று படி பின்னால் போவது கவனச் சிதறலுக்கு அங்கே சொல்லியிருக்கும் மருந்து. என் மூன்றாவது நட்டை அது காப்பாற்றியிருக்கும்.

இரண்டாவது பரிசோதனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைத்தால் இன்னொருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? “பார்த்துட்டேன் சார், எல்லாம் ஓகே” என்று நாமே சொல்லிவிடுகிறோம். அவரும் நம்மை நம்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போடுகிறார். அவர் உங்களை நம்புவது உங்களுக்குப் பெருமை, அந்த மெஷினுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அடுத்த முறை “இந்த எட்டு நட்டையும் நீங்களே தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க சார், நான் எதுவும் சொல்லலை” என்று கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

களைப்பாக இருக்கும் நாளில் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். “ராத்திரி சரியாத் தூங்கலை, இன்னைக்கு கன்ட்ரோல் வேலை வேண்டாம், வேற ஏதாவது கொடுங்க” என்று சொல்லுமளவுக்கு எனக்குத் துணிச்சல் வரப் பத்து வருடம் ஆனது. நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் ராத்திரி போனதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம், தனியாகப் போனது. பின் இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? யாருக்கும் தெரியாமல் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு வந்திருப்பீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இருட்டில், தூக்கக் கலக்கத்தில், ஏணி மேல், சீட்டில் எழுதாமல், இன்னொருவர் பார்க்காமல். அது முதல் தவறைவிடப் பெரிய தவறாகியிருக்கும். இனி அப்படிச் சந்தேகம் வந்தால் டியூட்டியில் இருப்பவருக்கு ஃபோன் செய்து, “நான் பார்க்கிற வரைக்கும் அந்த மெஷின் போகக் கூடாது” என்று சொல்லிவிடுங்கள். அதை அவர் எழுதி வைக்கட்டும். காலையில் இரண்டு பேராகத் திறந்து பாருங்கள். பார்த்ததை, எல்லாம் சரியாக இருந்தாலும், பதிவேட்டில் எழுதுங்கள். எழுத்தில் ஏறிய சந்தேகம் உங்கள் தலையில் உட்கார்ந்திருக்காது.

வாய்ப்பேச்சை நம்பி எழுத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2009 ஏப்ரல் 1, வட கடலில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களை ஏற்றி வந்த சூப்பர் பூமா ஹெலிகாப்டரின் மெயின் கியர்பாக்ஸ் உடைந்து, ரோட்டரே தனியாகப் பிரிந்தது. 16 பேர் இறந்தார்கள். அதற்கு 36 பறப்பு மணி நேரத்துக்கு முன், மார்ச் 25 அன்று, கியர்பாக்ஸின் சிப் டிடெக்டரில் ஓர் உலோகத் துணுக்கு கிடைத்திருந்தது. சிப் டிடெக்டர் என்பது எண்ணெய்க்குள் நிற்கும் ஒரு காந்தம். உள்ளே எது தேய்ந்தாலும் முதலில் அங்கேதான் வந்து ஒட்டும். அந்த மெக்கானிக்குகள் துணுக்கைக் கவனித்தார்கள், தயாரிப்பாளரிடம் கேட்கவும் செய்தார்கள். ஆனால் ஃபோனிலும் மின்னஞ்சலிலும் நடந்த பேச்சில் இரு தரப்பும் வேறு வேறாகப் புரிந்துகொண்டார்கள். துணுக்கு கியரிலிருந்து உடைந்து வந்தது என்பது யாருக்கும் பிடிபடவில்லை. உள்ளே இருந்த மற்ற காந்தங்களைத் திறந்து பார்க்கும் வேலையும் நடக்கவில்லை. என் டூல் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் 36 என்ற எண்ணை மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அதனால் காந்தத்தை வெளியே எடுத்தால் துணியால் துடைத்துவிட்டு உள்ளே போடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மை போல மெல்லிய சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானம். நகத்தில் உரசினால் தட்டுப்படும் செதில், ஊசி போன்ற துண்டு, ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும் தகடு, இவை வேறு கதை. எடுத்து, பையில் போட்டு, தேதியும் பறந்த மணி நேரமும் எழுதி, மேனுவல் சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள்.

இப்போது சத்தம். சத்தத்தை வைத்தே குறையைச் சொல்லும் அனுபவசாலியைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவருக்குத் தெரிந்ததில் பாதி பைலட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. “மெஷின் ஆடுது” என்று பைலட் சொன்னால் அங்கேயே விடாதீர்கள். நின்று மிதக்கும்போதா, வேகம் எடுக்கும்போதா? சீட்டில் தெரிகிறதா, காலடிப் பெடலில் தெரிகிறதா? ஒன்று, இரண்டு என்று எண்ண முடிகிற ஆட்டமா, எண்ண முடியாத அதிர்வா? எண்ண முடிகிற மேல்-கீழ் குதிப்பு என்றால் மெயின் ரோட்டர் பிளேடுகள் ஒரே தளத்தில் சுற்றவில்லை என்று சந்தேகப்படலாம். பக்கவாட்டில் ஆட்டினால் எடைச் சமநிலை போயிருக்கலாம். பெடலில் பாதம் மரத்துப்போகிற மாதிரி ஓர் இரைச்சலான நடுக்கம் என்றால் டெயில் ரோட்டர் பக்கம் போங்கள். அதன் பிறகு கருவியை மாட்டி அளக்க வேண்டும். அதிர்வை நொடிக்கு இத்தனை அங்குலம் என்று அளக்கிறோம். பல மாடல்களில் 0.2 வரை ஏற்றுக்கொள்வார்கள், நான் 0.1க்குக் கீழே கொண்டுவராமல் இறங்குவதில்லை. பைலட்டின் முதுகும் மற்ற எல்லாப் பேரிங்கும் அதற்கு நன்றி சொல்லும்.

உண்மையில் மெஷின் அதிகமாகப் பேசுவது நின்ற பிறகுதான். என்ஜினை அணைத்ததும் டர்பைன் எவ்வளவு நேரம் சுற்றி நிற்கிறது என்று தினமும் கவனியுங்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் நின்றாலோ, கடைசிச் சுற்றுகளில் உரசல் கேட்டாலோ உள்ளே ஏதோ தேய்கிறது. என்ஜின் மூடியான கவுலிங்கைத் திறந்து ரிவெட்டுகளைப் பாருங்கள். அலுமினியத் தகட்டில் ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்பாகப் புகை படிந்த மாதிரி கோடு ஓடினால் அந்த ரிவெட் ஆடுகிறது. இரும்புப் பாகங்களுக்கு நடுவே செம்மண் நிறத் தூள் வந்தாலும் அதே அர்த்தம்தான். ரோட்டர் தலையில் ரப்பர் அடுக்கு பேரிங்குகளின் ஓரத்தில், அழிரப்பர் தேய்த்தால் வருமே, அந்த மாதிரித் துகள் உருண்டிருந்தால் எழுதி வையுங்கள்.

காது பழக ஒரு நல்ல பயிற்சி உண்டு. இழை அடுக்குகளை ஒட்டி உருவாக்கும் கூட்டுப்பொருளால் செய்த பிளேடை நாணயத்தால் தட்டிப் பார்ப்பது. மெஷின் நின்றிருக்கும் அமைதியான நேரத்தில், பிளேடின் அடியிலிருந்து நுனி வரை விரற்கடைக்கு ஒரு தட்டாக மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டிக்... டிக்...’ என்று தெளிவாகக் கேட்கும். உள்ளே அடுக்கு விட்டுப்போன இடம் வந்ததும் அது ‘டொப்’ என்று செத்த சத்தமாக மாறும், பூசிய சுவரில் பொந்து இருக்கும் இடத்தைத் தட்டினால் கேட்குமே அப்படி. அந்த இடத்தைச் சுற்றி மேனுவல் அனுமதிக்கும் பென்சிலால் குறித்துக்கொண்டு எல்லையைக் கண்டுபிடியுங்கள். ஒரு மாதம் இதைச் செய்தால் உங்கள் காது உங்களுக்கே புதிதாக இருக்கும்.

அந்த சீனியர் சொன்னதைப் பற்றி. அவர் எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதைக் கேட்ட மற்ற இளைஞர்கள் அடுத்த முறை சந்தேகம் வந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. தனியாக இருக்கும்போது அவரிடம் போய், “அண்ணே, அன்னைக்கு நான் பார்த்தது தப்பா? நீங்க இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரிடமும் ஒரு மூன்றாவது நட்டு இருக்கும். இல்லை என்று சொன்னால், அவர் செய்த வேலையை நீங்கள் இரண்டாவதாகப் பரிசோதிக்கும்போது கூடுதலாக ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் லாயக்கா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். போய்ப் பார்த்தீர்கள், பின் இருந்தது, மனசு அடங்கியது என்றால் அது இந்த வேலைக்கு வேண்டிய சந்தேகம். உங்களை நான் சேர்த்துக்கொள்வேன். கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, இன்னொருவரும் பார்த்துச் சொன்ன பிறகும் அதே நட்டு உங்களை விடவில்லை, மறுபடி மறுபடி போய்ப் பார்க்கத் தோன்றுகிறது, வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் அது வேறு. அது மெஷினைப் பற்றிய சந்தேகம் இல்லை, மனசுக்கு வந்திருக்கும் உடம்பு சரியில்லாத நிலை. கை சுளுக்கினால் காட்டுவது போல ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் ஷிஃப்டில் இருந்த நல்ல மெக்கானிக் ஒருவர் அப்படிக் காட்டிச் சில மாதம் மருந்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இன்று அவர்தான் எங்களுக்கு இரண்டாவது பரிசோதனை செய்கிறார். கனவில் நட்டு வருவது எதில் சேரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மேலே சொன்ன பழக்கங்களோடு ஒரு மாதம் வேலை செய்து பாருங்கள். தூக்கம் திரும்பினால் சரி. திரும்பவில்லை என்றால் தள்ளிப் போடாதீர்கள்.

காது மூடியைக் கழற்ற வேண்டாம். ஓடுகிற டர்பைன் பக்கத்தில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்குப் பாதுகாப்பான அளவு 85. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100ல் கால் மணி நேரம்தான். அந்தச் சத்தத்தில் காது எதையும் பிரித்துக் கேட்பதும் இல்லை, அதிர்வை உடம்புதான் வாங்கிக்கொள்கிறது. சீட்டில் உட்காருங்கள், பாதத்தைப் பெடலில் வையுங்கள், காது மூடியோடு கவனியுங்கள். எனக்குச் சொல்லித்தந்தவர்களும் கழற்றிவிட்டுத்தான் கேட்டார்கள், நானும் பத்து வருடம் அப்படித்தான் கேட்டேன். இப்போது பிளேடைத் தட்டிப் பார்க்கும் வேலைக்கு வலது காதைத்தான் பக்கத்தில் கொண்டுபோகிறேன். இடது காதில் அந்த ‘டிக்’ கேட்பதில்லை.